இடது கால்

சிலிம் ரிவர் செம்பனை ஆலை எடைமேடையில்
லோரியை நிறுத்துபவளும் நான்
நிறுப்பவளும் நான்.
வெள்ளி இரவு கடைசிக் குலை லோரி போனபின்
எங்களையே ஏற்றிப் பார்த்தோம்:
மூன்று கப்சாய், நாலு பேர், மழைக்கோட்டு மூட்டை,
புவனேஸ் வறுத்த நெத்திலி சம்பல்.
ஐந்நூற்றெண்பது என்றது திரை.
அதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்,
யாரோ ஒருவரின் கால்வாசி விட்டுப்போயிருக்கும்.

விடிய நாலரைக்குக் கிளம்பினோம்,
சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு.
நெஞ்சில் காற்றுப் புகாது.
பின்னால் வருபவருக்கு
பொத்தான் போட்ட முதுகுகள் தெரியும்.

லுமூட்டில் பெரிய மோட்டார்களின் கூட்டம்.
பத்தாயிரம் வருமாம், தாய்லாந்திலிருந்துகூட.
எங்களுடையவை நூறு சிசி.
யோகராஜ் வண்டிக்கு ஒரு கண்ணாடிதான்.
என்னுடையதில் கூடை.
கழற்று, மானம் போகுது என்றார்கள்.
சம்பலை எங்கே வைப்பது?

சுங்காயில் பனி.
பீடோரில் ஜம்புக் கடைகள் திறக்கவில்லை.
லங்காப் சாலை நெடுக
வாரமெல்லாம் நான் டன் கணக்கில் எழுதுபவை
அன்று மரங்களாக நின்றன.
தெலுக் இந்தானில், சாய்ந்த கோபுரத்துக்கு எதிரே தே ஓ.
புவனேஸ் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.
அஸ்ரி இரண்டையும் சேர்த்துப் படம் பிடித்தான்.

பேராக் ஆற்றுப் பாலம் தாண்டியதும் முதலில்
சத்தம் வந்தது.
கண்ணாடியில் தெரியுமுன்னே முதுகெலும்பில் தெரிந்தது.
நாற்பதோ ஐம்பதோ, எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.
ஒருவர் மட்டும் இடது கையைத் தாழ்த்தி
இரண்டு விரல் காட்டிப் போனார்.
அந்த இரண்டு விரலைப் பற்றி யோகராஜ்
மூன்று மைல் பேசிக்கொண்டே வந்தான்,
ஹெல்மெட்டுக்குள், தன்னோடு.

கம்போங் கோவுக்கு முன்னால் அதே விரல்கள்
சாலையோரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றன.
தியோ. ஈப்போவில் பல் வைத்தியர்.
ஒரு வீட்டின் விலையுள்ள வண்டி புல்லில் செத்து நின்றது.
கூட வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.
அஸ்ரி நாலு இடத்தில் தட்டிப் பார்த்து
பெட்ரோல் பம்ப் என்றான், இழவு வீட்டுக் குரலில்.

பிறகு எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்ததைச் செய்தோம்.
அவரை ஏறி உட்காரச் சொல்லி
பின் மிதிகட்டையில் காலை வைத்துத் தள்ளினோம்,
முறை வைத்து.
கடைசி நாலு கிலோமீட்டர் என்னுடையது.
இடது கால் கியர் மாற்றும் கால்.
அது அவரிடம் இருந்ததால்
மூன்றாம் கியரிலேயே முனகிக்கொண்டு போனது என் வண்டி.
பெலான், பெலான் என்று கத்திக்கொண்டே இருந்தார்
வாழ்நாளெல்லாம் பிறரைப் பயமுறுத்திய மனிதர்.

நுழைவாயிலில் பலகை:
இருநூற்றைம்பது சிசிக்குக் கீழே, வெளித் திடல்.
கொடி பிடித்த பையன்
அவருக்கு உள்ளே காட்டினான், எனக்கு வெளியே.
காலை எடுத்தால் தியோ விழுவார்.
எடுக்கவில்லை.
பையன் யோசித்தான். கொடி தாழ்ந்தது.
பளபளவென்று இரண்டு வரிசை மோட்டார்களுக்கு நடுவே
ஒரு பல் வைத்தியர், ஒரு கூடை, நெத்திலி வாசம்
மாட்டு வண்டி வேகத்தில் போனோம்.
யாரோ ஹாரன் அடித்தார். பிறகு எல்லாரும்.
கேலியா மரியாதையா, இன்றுவரை தெரியாது.

மற்றபடி வெயில்,
முப்பத்தைந்து வெள்ளிக்கு ஒரு பனியன்.
எல்லாரும் குதிரைத்திறன் கேட்டார்கள்
நான் எடை கேட்டேன்.
முன்னூற்றறுபது என்றார் ஒருவர்.
பதினெட்டுக் குலை என்று சொல்லிக்கொண்டேன்.
சம்பல் தீர்ந்தது. தியோதான் அதிகம் தின்றார்.

திங்கள் காலை எடைமேடைப் படியில்
இடது முழங்கால் மடங்கமாட்டேன் என்றது.
கால் என்ன ஆச்சு, என்றார் லோரி நல்லமுத்து.
சொன்னேன்.
கப்சாயிலா? வாசலில் ஒருத்தனும் நிறுத்தலையா?
நிறுத்தலை, என்றேன்,
பதினெட்டு டன் நாற்பது கிலோ என்று எழுதியபடி.