பதினேழாம் நாள்

புயலுக்குப் பேர் வைச்சாச்சு.
எங்கட பிள்ளைக்கு இன்னும் வைக்கேல்ல.
முப்பத்தொண்டு கழியட்டும் எண்டு இருக்கிறம்.
விசாகம். 'தி'யில தொடங்க வேணுமாம்.

பின்னேரம் மூண்டு மணிக்குக்
கள்ளப்பாட்டு ஒழுங்கைக்குள்ள ஓட்டோ வந்தது,
மேல கட்டின ஒலிபெருக்கியோட.
கரையோரச் சனங்கள் உடனடியாகப்
பாதுகாப்பான இடங்களுக்கு...
மிச்சத்தைக் காத்து கொண்டுபோட்டுது.
மிச்சம் எனக்குப் பாடம்.

ஒன்பது வயசில அந்தச் சொல்லைத் தேடி
ஆறு தரம் கூடாரம் பிடுங்கினனாங்கள்.
ஒவ்வொரு இடமும் பாதுகாப்பான இடமாத்தான் இருந்தது,
நாங்கள் போய்ச் சேருமட்டும்.

நிருபன் முத்தத்தில நிண்டு
கூரைத் தகடு எண்ணுறார்.
பன்ரண்டு தகடு. ஆறில ஆணி கறள்.
"வட்டுவாகல் பாலத்தில தண்ணி ஏறினா
பிறகு புதுக்குடியிருப்பை நினைக்கேலாது,
வெளிக்கிடு."

நான் எண்ணுறது வேற.
தையல் பிரியாமல் மோட்டார்சைக்கிளில எத்தினை குழி.
பள்ளிக்கூட மண்டபத்தில எத்தினை இருமல்.
சுடுதண்ணிப் போத்தல் எத்தினை மணித்தியாலம் தாங்கும்.
பிள்ளையின்ட கண் வெள்ளையில இன்னும் ஒரு மஞ்சள்.
வெயில் காட்டச் சொல்லிப்போட்டுப் போனவ
குடும்பநல மிஸ்.
மூண்டு நாளா வானத்தில அந்தச் சாமானே இல்லை.

ஃபோனில புயலின்ட படம்:
வெள்ளைச் சுழி, நடுவில கறுப்பா ஒரு பள்ளம்.
திரும்பிப் பார்க்கிறன்.
பாயில பிள்ளையின்ட உச்சிக்குழி
ஏறி இறங்குது.

பக்கத்து வளவு றெஜினோல்ட் அண்ணை வெளிக்கிடேல்ல.
வள்ளத்தைத் தென்னையோட கட்டிப்போட்டுக்
கருவாட்டுச் சாக்கு மடிக்கிறார்.
"போன தரமும் உப்பிடித்தான் கத்தினவங்கள்,
கோழி இறகும் பறக்கேல்ல."
உண்மைதான்.
போன தரம் என்னட்டப் பிள்ளை இல்லை.

பை கட்டிற வேலை இல்லை.
எங்கட வீட்டில பை எப்பவும் கட்டினபடிதான்:
அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி,
பொலித்தீனுக்குள்ள பொலித்தீன்.
கிளினிக் கொப்பியை மட்டும் புதுசாச் செருகினன்.
செருகிப்போட்டு அரை மணித்தியாலம்
கதவு நிலையில சும்மா இருந்தன்.

நாலேகாலுக்குப் பிள்ளை எழும்பினது.
இடப்பக்கம் குடிச்சுது, வலப்பக்கம் குடிச்சுது,
ஏவறை விட்டுது.
பொத்தின கை மெல்ல விரிஞ்சு
நித்திரையாச்சு.
இனி ரெண்டு மணித்தியாலம்.
பாலம் தாண்ட அவ்வளவு தேவையில்லை.
ஒலிபெருக்கி சொல்லி நான் எழும்பேல்ல,
இதைத் தெரிஞ்சுகொள்ளுங்கோ.

பாலத்தில தண்ணி கல்லுக்கு நாலு விரற்கடை கீழ.
ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் கடல்,
ரெண்டும் ஒரே நிறம்.
அண்டைக்கு இதே பாலத்தால
மற்றத் திசைக்கு நடந்து வந்தனான்.
அம்மாவின்ட கையில தம்பியின்ட பால்மா டின் இருந்தது.
தம்பி இருக்கேல்ல.

"தண்ணியைப் பாராதை" எண்டார் இவர்.
நான் பார்க்கேல்ல.
மழைக்கோட்டு பட்டன் ஒண்டைக் கழட்டி
மூக்குக்குக் கீழ விரலை வைச்சுக்கொண்டு வந்தன்.
சூடு. பிறகும் சூடு.
பாதிப் பாலத்தில பிள்ளை தும்மினது.
இவர் வேகத்தைக் குறைச்சார்.

குறைக்காதையுங்கோ எண்டன்.