எட்டாவது இருக்கை

'ஏரிக்கரை ஊர்கள், ஒரே நாளில்' என்று
விளம்பரம் போட்டது சென்னையில் இருக்கிற முதலாளி.
மதுரையில் ஏரி ஏது? கம்மாய்தான்.
வேனில் ஏறினதும் இதைத்தான் முதலில் சொல்வேன்,
ஓட்டுநர் இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றபடி.

பணம் கட்டியது எட்டுப் பேர். வந்தது ஏழு.
சக்தீஸ்வரி போனை எடுக்கவில்லை.
ஆறேகால் வரை பார்த்துவிட்டுக் கிளம்பினோம்:
கோவையிலிருந்து வந்த புதுத் தம்பதி,
பறவை எண்ணும் ஜெர்வின்,
ஒரே நிறத்தில் சேலை கட்டிய மூன்று வங்கித் தோழிகள்,
கீழவாசல் ராம்சந்த்.
நகக்கண்ணில் நீலம் போகாத சாயப்பட்டறைக்காரர்.
எந்த ஊரைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்,
"அங்க பாத்ரூம் இருக்காம்மா?"

மாடக்குளம், இருபது நிமிடம்.
தண்ணீரில் பசுமலை தலைகீழாக நின்றது.
ஜெர்வின் நாற்பத்தொரு நாமக்கோழி எண்ணினார்.
புது மாப்பிள்ளை நாற்பத்திரண்டு என்றார்.
அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது ஊர் மேலூர் தாண்டி.
பேரைச் சொல்ல மாட்டேன்,
சொன்னால் அடுத்த வைகாசியில் வேன் வேனாக வந்துவிடுவார்கள்.
கரை நெடுக மொபெட்டுகள்,
தலைக்கு மேல் ஊத்தா, கச்சா, கொசுவலை, கிழிந்த சேலை.
ஆயிரம் பேர் இருக்கும், சத்தமே இல்லை.
மடைமேல் நின்ற ஒருவர்
வெள்ளைத் துண்டை ஒருதரம் வீசினார்.

கம்மாய் உடைந்த மாதிரி இருந்தது,
ஆனால் கரையிலிருந்து உள்ளே.

"இங்கேயும் இருபது நிமிடம்" என்று திரும்பினேன்.
பின்னால் யாரும் இல்லை.
வங்கிக்காரம்மாக்கள் முழங்கால் சேற்றில்
சேலையை வலையாக்கிக் கொண்டிருந்தார்கள்.
ராம்சந்த் மட்டும் நின்றார்.
பேண்ட்டை ஒழுங்காக மூன்று மடிப்பு மடித்தார்.
செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.
எனக்குக் கொடுத்த பயிற்சியில் இதற்கு விதி கிடையாது.
வாங்கிக்கொண்டேன்.

பத்தடியில் வழுக்கினார். கண்ணாடி போனது.
"ஐயா கண்ணாடி, ஐயா கண்ணாடி" என்று
மீனை விட்டுவிட்டு இருபது பேர் குனிந்து துழாவினார்கள்.
காலுக்கிடையில் கெளுத்தி ஓடியதைக்கூட
ஒருவரும் சட்டை செய்யவில்லை.
எடுத்தது ஏழைகாத்தாள் என்ற அம்மா.
ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் விரால்.
"கம்மாயில எறங்குனவுக வெறுங்கையா ஏறக்கூடாது."
காசு எடுக்கப் போனவரை ஒரு பார்வை பார்த்தாள்.
இந்த மீனை விற்க மாட்டார்களாம்.

வேனில் என் காதோரம் சொன்னார்,
"எங்க வீட்ல முட்டைகூடக் கெடையாதும்மா."
வாளியைக் கீழே வைத்தால் உருளும்.
எட்டாவது இருக்கையில் வைத்து
பெல்ட் போட்டோம்.
விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு
அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
மூன்றாவது ஊர், நான்காவது ஊர் எல்லாம்
கண்ணாடிக்கு வெளியே கடந்து போயின.
எல்லாரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒத்தக்கடை பக்கம் சக்தீஸ்வரி கூப்பிட்டாள்.
தூங்கிவிட்டாளாம். பணம் திரும்ப வருமா?
"உங்க சீட்டு காலியா இல்லையே மேடம்" என்றேன்.
பொய்யில்லை.

வண்டியூர்க் கரையில் இருட்டிவிட்டது.
மீன் பிடிக்காதீர், குளிக்காதீர்,
துணி துவைக்காதீர் என்று பலகை.
விடுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை,
ராம்சந்த் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.
நடைப்பயிற்சிக்காரர்கள் போகும்வரை காத்திருந்து
வாளியைச் சரித்தார். சின்னதாக ஒரு சத்தம்.
ஜெர்வின் இதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

செருப்பைக் கொடுத்துவிட்டேன்.
வாளி என் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது.
விளிம்பில் பச்சை பெயிண்டில் ஏ.கா. என்று எழுதியிருக்கிறது.
கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
முதலாளி அனுப்பிய புதுப் பட்டியலில்
அந்த ஊர் இல்லை.