விகுதி

இலக்கம் கிடைத்தது மருந்துக்கடையில்,
நான் காசு வாங்கும் மேசையில்,
யாரோ மிச்சக் காசோடு மறந்துபோன
மடித்த துண்டில்.
சிங்களத்தில் இரண்டு வரி. கீழே பேனையால்:
தமிழ், வியாழன், ஆறரை.
பதினாறு நாள் அது
லாச்சிக்குள், ஐந்து ரூபாய்க் குற்றிகளுக்கு அடியில் கிடந்தது.

பதினேழாம் நாள் எடுத்தேன்.
"ஆருக்கு?" என்றது இருமலோடு ஒரு குரல்.
"தெரிஞ்ச ஒராளுக்கு."
"அவரை வரச் சொல்லுங்கோ. கொட்டாஞ்சேனை,
சேர்ச் மதிலோட போற ஒழுங்கை, பச்சைக் கேற்.
போர்ட் ஒண்டும் இராது."

வெள்ளவத்தையில் 155 ஏறினேன்.
கைப்பைக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல்.
வெறும் தண்ணீர்தான். என்றாலும்
ஆமர் வீதி மட்டும்
கை அதன் மூடியைப் பொத்திக்கொண்டே வந்தது.

முதற் பச்சைக் கேற்றுக்குள் கலியாண வரவேற்பு.
பன்னீர் தெளித்த பிள்ளை
"பொம்பிளை பக்கமோ, மாப்பிள்ளை பக்கமோ?" என்றாள்.
பின்வளவில், வான் கதவைத் திறந்துவிட்டு,
கடதாசிக் கோப்பைகளோடு ஆண்கள்.
அந்த மணம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று
சொல்லமாட்டேன்.

இரண்டாம் பச்சைக் கேற்.
ஞாயிறு மறைக்கல்வி அறை.
சுவரில் சின்னப் பிள்ளைகள் கீறிய நோவாவின் கப்பல்,
ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் இடம் போதாமல்
கழுத்து வெளியே.
பதினொரு பிளாஸ்ரிக் கதிரை, பத்து ஆண்கள்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லயனல்,
செட்டியார் தெருவில் நகைக்குக் கல் பதிக்கும் பத்மநாதன்,
வாசல் பக்கம் முகம் திருப்பாமலே இருந்த நிஸ்தார்.
என்னைக் கண்டதும் எல்லாரும் எழும்பினார்கள்,
விருந்தாளிக்கு எழும்புவதுபோல.

"தங்கச்சி, அவர் வெளியிலையோ?
வெட்கப்படாமல் வரச் சொல்லுங்கோ."
"அவர் வரேல்லை."
"பிடிவாதமோ?"
"அவர் குடிக்கிறேல்லை. ஒருநாளும்."

மின்விசிறி மட்டும் கழுத்தைத் திருப்பி
ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனது.

பிறகு தொடங்கியது.
பெயர், பெயருக்குப் பின்னால் அந்த ஒரு சொல்.
லயனல், குடிகாரன்.
பத்மநாதன், குடிகாரன்.
ன், ன், ன் என்று
கதிரை கதிரையாக என்னை நோக்கி வந்தது விகுதி.
ஆணுக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் கூத்திருக்கிறது,
கொஞ்சம் பாட்டும்,
தெருவிலிருந்து தூக்கிவர இரண்டு சிநேகிதரும்.
எனக்குரிய சொல்லை நான் கேட்டது
ஃபிளாற் படிக்கட்டில்,
மேல்மாடிக்காரி கதவைச் சாத்திவிட்டு
மெல்லச் சொன்னபோது.

குடிகாரர் என்று
மரியாதையாகத் தப்பிவிடலாம்.
யோசித்தேன், பொய்யில்லை.
பிளேன்டீக் கோப்பை பீரிசில் கிலுகிலுத்தது.
"யோகமலர்," என்றேன்.
"குடிகாரி."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் பாவம் பார்க்கவுமில்லை.
நிஸ்தார் முதன்முறை திரும்பி,
சீனிப் போத்தலை என் பக்கம் நகர்த்தினார்.

திரும்பும் பஸ்ஸில் ரொஷானின் அழைப்பு.
மூன்று வருசமாக என் வாசலுக்கு
பேப்பரில் சுற்றிக் கொண்டுவரும் த்ரீவீல்காரன்.
"அக்கா, நாளைக்குப் போயா, கடை பூட்டு.
வழமைபோல ரெண்டோ?"
"வேண்டாம்."
"வேற ஆரோ தாறாங்கள் போல.
விலையைக் குறைக்கிறன், அக்கா."
எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகைக்குக் கிட்டவாக.
"இண்டைக்கு வேண்டாம்."

அவன் இலக்கத்தை அழிக்கவில்லை.
அழித்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.

மருதானையில் சனம் நெருக்கியடித்து ஏறியது.
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
போத்தலின் மூடியைப் பல்லால் திருகி,
எல்லாரும் பார்க்க,
தண்ணீர் குடித்தேன்.