பன்மை

"இரண்டு நிமிடம். உன் ஊரைப் பற்றி."
போனில் ரெக்கோர்டை அழுத்துகிறாள் றிஸ்னா.
டைக் வீதி, டியூஷன் மாடி,
காற்றாடி என் வினைச்சொற்களை அள்ளிப் போகிறது.

கடல் என்று தொடங்கினேன்.
உள்துறைமுகம் வேறு, உப்புவெளிப் பக்கம் வேறு.
கையில் இருந்ததோ ஒரேயொரு 'சீ'.

பஸ் நிலையத்தில் மான் நிற்கும் என்றேன்.
'டியர்ஸ்' என்றேன்.
"எஸ் வராதடி,
ஒன்றென்றாலும் நூறென்றாலும் டியர்தான்."
பிறகு வாய் திறக்கவில்லை.
மிச்சம் நாற்பத்தொரு செக்கன்
காற்றாடிச் சத்தம் மட்டும் பதிவாகியது.

இறங்கினால்
படிக்கட்டை மறித்தபடி ஒரு கொம்பன்
கச்சான் சுற்றிய தாளை மென்றுகொண்டு.
யாரோவின் கட்டுரை.
சிவப்பு மையில் ஐந்தரை
உதட்டோரம் தொங்கியது.

ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்,
அசையவில்லை.

"எக்ஸ்கியூஸ் மீ" என்றேன்.

விலகியது.