சேமிக்காத எடை

ஆனி மாதம். காவேரிப்பட்டணத்துக்கு வெளியே
பெங்களூரா மாங்காய் வண்டிகள்
புளியமரத்தையும் தாண்டி நிற்கின்றன.
எடைமேடை அறைக்குள், என் மடிக்கணினியில்
ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"என்னம்மா, எடையைப் பொட்டி தின்னுடுச்சா?"
சன்னல் கம்பியைப் பிடித்தபடி முனிகிருஷ்ணன்.
போச்சம்பள்ளியில் விடியுமுன் கிளம்பியவர்.
வெயிலில் நின்றால் காய் எடை இறங்கும்,
மணிக்கு இத்தனை கிலோ என்று
அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது.
என்னிடம் இந்த வட்டம்.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் தந்த பெட்டி.
மூடியில் கோபுரம் பாதி தேய்ந்துவிட்டது.
இரண்டு ஜிபி.
அன்றைக்கு அதற்குள் நான்கு பாட்டும்
ஒரு நர்சிங் விண்ணப்பமும்தான் இருந்தன.
இன்றைக்கு எடைச்சீட்டு, ஜிஎஸ்டி, கேமரா,
நடுவில் முதலாளியின் குரல் செய்தி:
அடுத்த சீசனுக்குப் புதுசு வாங்கிடலாம்.
இது மூன்றாவது அடுத்த சீசன்.

கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்,
பத்து நாளாக ஒரு நான்கு ஜிபி.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் நயாஸ் கடையில்
எழுநூறு ரூபாய், பழசு.
"ஒன்றரை வோல்ட்டா, ஒண்ணு முப்பத்தஞ்சா?
தெரியாம மாட்டிடாதீங்க" என்றான்.
தெரிந்துகொண்டுதான் வாங்கினேன்.
திறக்கத்தான் பயம்.

இன்று பயப்பட நேரமில்லை.
நீல மையில் உள்ளங்கையில் எழுதினேன்:
முனிகிருஷ்ணன், 9460.
பவர் பட்டனை
அது சாகும்வரை அழுத்தினேன்.

எட்டுத் திருகாணி. ஒன்று முன்பே இல்லை.
உள்ளே பஞ்சுபோல் தூசி,
ஒரு செத்த எறும்பு,
என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும், ஒரு நீள முடி.
தொடுமுன் உடம்பின் மின்சாரத்தை இறக்கு என்பார்கள்.
வெளியே ஓடி எடைமேடையின் இரும்பைத் தொட்டேன்.
சுட்டது.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்:
"பூசை போடுது பாரு."

பச்சைத் தகடு, நகத்தைவிடக் கொஞ்சம் கனம்.
இந்த எடைமேடைக்கு அது தெரியாது.
பத்து கிலோவுக்குக் கீழே
இது எதையும் மதிப்பதில்லை.

சாய்த்துச் செருகி அழுத்தினேன்.
பட்டனைத் தட்டினால்
பீப். பீப். பீப்.
திரை கறுப்பு.
வெளியே ஆரன்கள் அதற்குப் பதில் சொல்லின.
கழற்றி, மகனின் ரப்பரால்
பொன்நிறப் பற்களைத் தேய்த்து,
ஊதி,
காடிக்குக் காடி பொருத்தி மறுபடி.
இந்தமுறை இரண்டு பக்கமும் 'டக்' என்றது.
என் தோளும் அப்போதுதான் இறங்கியது.

ஆறு ஜிபி என்றது திரை.
எல்லாம் கேட்டதும் திறந்தன,
வெட்கமாக இருந்தது,
இவ்வளவு நாள் இதைத் திட்டினேனே.

ஆனால் இதற்கு ஒன்றும் ஞாபகமில்லை.
மின்சாரம் இருக்கும்வரைதான் இதன் நினைவு,
காசு கொடுத்தது அதற்குத்தான், தெரியும்.
முனிகிருஷ்ணன் வண்டியை மறுபடி ஏற்றினார்.
சிவப்பு எண்கள் ஆடி நின்றன:
9430.

முப்பது கிலோ.
கிலோ ஏழு ரூபாய்.
அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
பான்பராக் கறை படிந்த வாசலையே பார்த்துக்கொண்டு,
"வெயிலு" என்றார்.

எண்ணை அழித்தேன்.
வேர்வையில் கரையத் தொடங்கியிருந்த கையை விரித்து,
9460 என்று அடித்தேன்.
கையால் திருத்தினால் காரணம் கேட்கும் இது.
கட்டம் சிவப்பாக மின்னியது,
முன்போல் தயங்காமல், உடனே.

காரணம்:
நினைவகம் மாற்றப்பட்டது.

சீட்டு வெளியே வந்தது.
அடுத்த வண்டி.