அளவுப் புத்தகம்

மருதானையில், ரயில் போனால்
ஊசிப் பெட்டி நடுங்குகிற மாடி அறையில்
வானத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக்
கோட்டும் ஸ்கேர்ட்டும் தைத்தேன்.
பதினொரு வருஷம்.
ஒருநாளும் பிளேனில் ஏறினதில்லை.

வயிறு முதலில் பேசுவது என் நாடாவோடுதான்.
கணவனுக்கு முன்னால்,
சிலவேளை அவளுக்கே முன்னால்.
"அக்கா, ஒரு அரை அங்குலம் விடுங்க,
டுபாய்ல சாப்பிட்ட ஐஸ்கிரீம்" என்பாள் ஷிரோமி,
கண்ணாடியைப் பார்க்காமல்.
வாயில் குண்டூசி இருந்தால் கேள்வி கேட்க முடியாது.
அதற்காகவே
வாயில் குண்டூசி வைத்திருந்தேன்.

சொன்னால் தரையில் இறக்கிவிடுவார்கள்.
தரையில் நிற்பவளுக்கு வெறும் அடிப்படைச் சம்பளம்;
பறந்த மணித்தியாலத்துக்குத்தான் காசு.
வெள்ளவத்தை வீட்டுக்காரருக்கு
வாடகை தெரியும், மசக்கை தெரியாது.
ஆகவே ஒளித்தார்கள்.
பைக்குள் ஒரு எலுமிச்சம்பழம்.
கழிவறைக் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு,
சத்தி எடுத்து, உதட்டுச் சாயம் திருத்தி
வெளியே வந்து
"கோப்பியா, தேத்தண்ணியா?"

இதற்கிடையில் கம்பனியிலிருந்து எனக்கொரு கடிதம்:
தையலுக்குள் கால் அங்குலத்துக்கு மேல்
துணி விட வேண்டாம். வீண்செலவு.
நான் ஒன்றரை விட்டேன்.
உள்பக்கத்தை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்.

லோஜினி வந்த அன்று மழை.
கொட்டாஞ்சேனைப் பிள்ளை, குடையை மூலையில் சாத்தினாள்.
நாடா இருபத்தொன்பதே முக்கால் காட்டியது.
வழக்கம்போல் இருபத்தேழு என்று எழுதப் போனேன்.
பென்சிலைப் பிடித்துக்கொண்டாள்.
"உள்ளதை எழுதுங்கோ அக்கா.
திகதியும் போடுங்கோ."

எழுதினேன்.
ஸ்கேர்ட் இரண்டு, இடுப்பு விடுதல்,
காரணம் பிள்ளைத்தாச்சி, கம்பனிக் கணக்கு.
அப்படியே பில் போனது. கையெழுத்தாகிக் காசும் வந்தது.
ஆறு கிழமை கழித்து அவளுக்குக் கடிதம்:
சீருடைக்குப் பொருந்தாத உடல்வாகு. சேவை முடிவு.
கர்ப்பம் பற்றி நிறுவனம் எதுவும் அறிந்திருக்கவில்லை.

நாரஹேன்பிட்டியில், மின்விசிறி பாதி சுற்றும் அறையில்
கம்பனி லோயர் என் புத்தகத்தை
ஈரத் துணிபோல் இரண்டு விரலால் தூக்கினார்.
பெண்களின் இடுப்பை எழுதிவைக்க
உங்களுக்கு அனுமதி தந்தது யார்?
"அளவில்லாமல் தைக்கேலாது சேர்."
யாரோ சிரித்தார்கள்.
தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் மட்டும் நிமிர்ந்தாள்.
ஏழு மாதம் இருக்கும்.
பழக்கதோஷம், கண்ணாலேயே அளந்தேன்: முப்பத்தெட்டு.

"பில்லில் உள்ள கையெழுத்து யாருடையது?"
என்று மேசைக்கு அப்பாலிருந்து கேள்வி வந்தது.
லோயர் தவணை கேட்டார்.
பிறகும் தவணை.
மூன்றாம் தவணைக்கு லோஜினி வரவில்லை,
காசல் வீதி ஆஸ்பத்திரியில் இருந்தாள்.
பெண் பிள்ளை. இரண்டு கிலோ எழுநூறு.
அதையும் எழுதியிருப்பேன்,
புத்தகம் அவர்களிடம் இருந்தது.

எனக்கு ஓடர் நின்றுபோனது.
காரணம் எழுதவில்லை; எழுதினால்
அதற்கும் ஒரு திகதி இருக்குமே.

இப்போது ஜனவரி. மேசை நிறைய
பள்ளிக்கூட வெள்ளைத் துணி.
படியேறி மூச்சு வாங்க வருகிற தாய்மார்
எல்லோரும் சொல்வது ஒன்றுதான்:
"உள்ளுக்கு நல்லா துணி விட்டுத் தைங்க.
வளர்ற புள்ள."
ஒருத்தியும் அதை வீண்செலவு என்றதில்லை.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன்.
நெஞ்சு இருபத்துநாலு, விடுதல் இரண்டு.
அடுத்த தவணை
பெப்ரவரி பதினேழு.