ஒன்றுக்குப் பன்னிரண்டு

மாங்குளம் தபாற்கந்தோருக்கு மூன்று படிகள்.
ஒவ்வொன்றும் ஆறு அங்குலம்.
அளந்தது நான்தான்,
சக்கர நாற்காலியிலிருந்து குனிந்து,
தையல் நாடாவால்.

ஏழு வருசமாய் என் மாதக் கொடுப்பனவை
தபாலதிபர் செபநாயகம் கீழே இறங்கிவந்து தந்தார்.
வாகை நிழலில் பேரேட்டைத் தன் முழங்காலில் விரித்து,
பேனையை நீட்டி,
"பிள்ளை, இதிலை ஒரு கையெழுத்து" என்பார்.
தங்கமான மனுசன்.
அதுதான் பிழையாய்ப் போனது.
அவர் இறங்கி வந்த காலம் முழுக்க
படிகள் இருப்பதை ஒருவரும் காணவில்லை,
நானும்கூட.

தை மாதம் அவருக்கு இடமாற்றம்.
புதியவர் கெட்டவரில்லை, முழங்கால் வருத்தக்காரர்.
"ஆரையேன் அனுப்புங்கோ" என்றார் யன்னலால்.
ஆரை?
காசு என் பெயரில் வருகிறது.
கையெழுத்தும் என்னுடையது.
கையில் எனக்கொரு குறையுமில்லை.

கடிதம் எழுதினேன். படிவம் அனுப்பினார்கள்.
'இயலாமை ஏற்பட்ட விதம்' என்றொரு கேள்வி,
பதிலுக்கு ஒரு வரி.
ஒரு வரி!
மாத்தளனில் தொடங்கினால் கொப்பி முடிந்துவிடும்.
'ஷெல்' என்று எழுதினேன்.
இடம் மிச்சம் கிடந்தது.

இரண்டாம் கடிதத்தோடு வர்த்தமானியின் போட்டோப் பிரதி.
உயரம் ஓர் அங்குலமென்றால் நீளம் பன்னிரண்டு.
சிவப்புப் பேனையால் கோடிட்டு
ஓரத்தில் எழுதினேன்:
இரக்கம் என்ற சொல் இதில் எங்குமில்லை ஐயா,
தேடிப் பாருங்கள்.

ஆவணியில் சாய்தளம் வந்தது.
ரிப்பன், குத்துவிளக்கு, வாடகைக் கதிரைகள்.
அதிதிகள் படியால் ஏறிப் போனார்கள்.
என்னை முன்னுக்கு விட்டுப் படமெடுத்தார்கள்.
படத்தில் நான் சிரிக்கிறேனாம்.
நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
பதினெட்டு அங்குல உயரத்துக்கு
ஐந்தே ஐந்தடி.

எல்லாரும் போனபின் மேசன் கிருபைராசாவைக் கூப்பிட்டேன்.
ஒரு விளாம்பழத்தை உச்சியில் வைத்துக்
கையை எடுக்கச் சொன்னேன்.
உருண்டது, துள்ளியது, முற்றம் கடந்து
ஏ-ஒன்பது வீதியில் ஏறி
யாழ்ப்பாணம் போகும் பஸ்சின் சில்லில் உடைந்தது.
தார் எல்லாம் பழமணம்.
"அது நானண்ணை" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கம்பித் துண்டால் மண்ணில் கோடு கீறிக்
காலடியால் அளந்தார்.
பதினெட்டாம் அடி வாகை வேரில் முட்டியது.
"வளைச்சுத்தான் கட்டவேணும். நடுவிலை ஒரு தட்டு."
"வளையுங்கோ."
"காசு?"
"அதுக்கு மூண்டாவது கடிதம்."

மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது.
ஒருமுறை கொழும்பிலிருந்து சிங்களத்தில் பதில் வந்தது.
சந்தியில் தட்டச்சடிக்கும் அக்கா மொழிபெயர்த்தாள்:
'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.'
மூன்று சொல்லுக்கு நூற்றைம்பது ரூபா.

போன மாரிக்கு முதல் கட்டி முடித்தார்கள்.
இடப்பக்கம் கைபிடி இன்னும் இல்லை.
ஆறாவது கடிதம் அதைப் பற்றியது,
மடியில் இருக்கிறது,
முத்திரை உள்ளே வாங்கவேண்டும்.

இன்று கொடுப்பனவு நாள்.
நானே உருட்டி ஏறினேன்.
மூச்சு வாங்கியது, உள்ளங்கை எரிந்தது.
வளைவில், அந்தத் தட்டில்,
வெயில் காய்ந்தபடி ஒரு மறியாடு
குறுக்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.
"ச்சூய்" என்றேன்.
காதை மட்டும் ஆட்டியது.
பின்னால் பார்சலோடு வந்த பெடியன் கேட்டான்,
"என்னக்கா, போகேல்லையே?"
"ஆடு" என்றேன்.
எட்டிப் பார்த்தான்.
"ஓம், ஆடுதான்" என்றான்.

இருவரும் நின்றோம்.